நடு உறுப்பு

லிந்துலை பஸ் இன்றைக்கும் பாதி வழியில் நின்றுவிட்டது.
மிச்ச ஏற்றத்தை நடந்து முடித்து
முழங்கால்வரை நனைந்த சேலையோடு
இரண்டாம் பாடவேளைக்குத்தான் வந்து சேர்ந்தேன்.
தரம் ஒன்பது. இருபத்தாறு பேர்.
தகரத்தில் மழை பேசும்போது நான் பேசிப் பயனில்லை.
எழுதினேன்:

மூன்று எக்ஸ் வர்க்கம் சக ஐந்து எக்ஸ் சக இரண்டு.

அதற்கடியில் எதையும் எழுதுமுன்பே
மிதுர்சன் எழுந்து நின்றான்.
மூன்றும் ஐந்தும் இரண்டும் பத்து,
வர்க்கமும் எக்ஸும் சேர்ந்தால் கனம்:
"பத்து எக்ஸ் கனம், மிஸ்."
பசியில் இருப்பவன் கறியையும் சோற்றையும்
ஒரே பிடியில் அள்ளுவதுபோல்
ஒரு வரியை அப்படியே விழுங்கியிருந்தான்.

நிகர்த்த உறுப்புகளை மட்டும்தான் கூட்டலாம் என்றேன்.
"கொழுந்தையும் சாக்கையும் தண்ணீரையும்
ஒன்றாகவா நிறுப்பார்கள்?"
"ஒன்னாத்தான் மிஸ் நிறுப்பாங்க.
பொறவு சாக்குக்கு ஒரு கிலோ, தண்ணிக்கு ரெண்டு கிலோன்னு
அவங்களே கழிச்சிக்குவாங்க."
வகுப்பு சிரித்தது.
என் உதாரணம் வாசற்படியிலேயே வழுக்கி விழுந்தது.

சரி, செக்ரோலுக்குப் போனேன்.
பேருக்கு ஒரு கட்டம், அரைப்பேருக்கு ஒரு கட்டம்,
மேலதிகக் கிலோவுக்கு இன்னொரு கட்டம்.
கட்டம் தாண்டிக் கை நீட்டக்கூடாது.
அது புரிந்தது.
மழைகூடக் கொஞ்சம் தணிந்தது.

இரண்டாவது கோவையை நேர்க்கீழே வைத்தேன்:
இரண்டு எக்ஸ் வர்க்கம் சய ஐந்து எக்ஸ் சக நான்கு.
வர்க்கத்தின் கீழ் வர்க்கம், எண்ணின் கீழ் எண்.
நடுவில் சக ஐந்தும் சய ஐந்தும்
ஒன்றையொன்று பார்த்து நின்றன.
"வெட்டுப்பட்டுப் போகும்" என்று
குறுக்கே இரண்டு கோடு இழுத்தேன்.
விடை: ஐந்து எக்ஸ் வர்க்கம் சக ஆறு.
"பூச்சியம் வந்தால் எழுதத் தேவையில்லை."
எத்தனை வருடமாகச் சொல்லிவரும் வசனம்,
கையில் ஒட்டிய வெண்கட்டித் தூளைத் தட்டுவதுபோல்.

கடைசி வாங்கில் லதுர்ஷிகா.
கேள்வி கேட்கிற பிள்ளை இல்லை.

"அம்மாட சம்பளத் துண்டுலயும் அப்பிடித்தான் மிஸ்.
மேலதிகக் கிலோக்காசு சக.
தீவாளி அட்வான்ஸ் சய.
போன மாசம் ரெண்டும் ஒரே தொகை,
வெட்டுப்பட்டிருச்சி.
ஆனா கிலோ இல்லாமப் போகலயே மிஸ்.
ராவைக்கு முதுகுல சித்தாலேப தேச்சது நான்தானே."

யாரும் சிரிக்கவில்லை.
எக்ஸுக்கு முதுகு கிடையாது என்று சொல்லியிருக்கலாம்.
உண்மையும் அதுதான்.
புள்ளித் திட்டத்திலும் அதற்கு இடமில்லை.
வெண்கட்டி கொஞ்ச நேரம் காற்றில் நின்றது.
பிறகு விடையின் நடுவே நெருக்கி எழுதினேன்:
சக பூச்சியம் எக்ஸ்.
"எழுதினாலும் பிழையில்லை."

"அப்ப பூச்சியம் எக்ஸ் கனமும் எழுதலாமா மிஸ்?"
மிதுர்சன்தான்.
எழுதலாம்.
"நாலாம் அடுக்கு?"
அதையும் எழுதலாம்.
மணி அடிக்கும்வரை
கொப்பியின் ஓரம்வரை
அவன் பூச்சியங்களை மேய விட்டுக்கொண்டிருந்தான்.

இரவு, குவார்ட்டர்ஸில், இருபத்தாறு கொப்பிகள்.
லதுர்ஷிகாவின் விடை சரி.
வெட்டிய ஐந்து எக்ஸுக்குப் பக்கத்தில் மட்டும்
பென்சிலால், அழித்தால் தெரியாத அளவுக்கு மெல்லியதாக,
ஒரு சொல்: இருந்தது.

சிவப்புப் பேனையை மூடினேன். திறந்தேன்.
சரி போட்டேன்.
கீழே எழுதினேன்:
விடையில் வேண்டாம். செய்கையில் காட்டுக.
எழுதியபின் திரும்ப வாசித்தேன்.
அது கணக்குக்கு மட்டும் சொன்னதாகத் தெரியவில்லை.
அழிக்கவும் முடியாது, பேனை.

அடுத்த கொப்பி மிதுர்சனுடையது.
ஐந்து எக்ஸ் வர்க்கம், பூச்சியம் எக்ஸ், ஆறு,
எல்லாம் ஒழுங்காக வந்து
கடைசி வரியில்
பதினொரு எக்ஸ் கனம்.